கெடுக்கப் போன கை

துரைசாமிக்கு உண்மையைச் சொல்ல யாரிடமும் பயமில்லை, பெண்டாட்டி அமிர்தவள்ளியிடம் தவிர. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங்கில் இருந்தபோது முதலாளி முகத்துக்கு நேராகவே "இது ரிஜெக்ட்" என்று ஷூவைத் தூக்கிப் போட்ட மனிதர். அதே மனிதர், "அந்தப் பழைய பியட் காரை வித்துத் தொலைங்க" என்று அவள் வீட்டில் சொன்னதும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டார். விற்க அவருக்குத் துளியும் மனசில்லை.

அமிர்தவள்ளியைக் குற்றம் சொல்லவும் முடியாது. வண்டியைக் கிளப்பினால் கறுப்புப் புகை நேராகக் கொடியில் காயும் துணியில் போய் உட்காரும். தோல் பதனிடும் ஷாப்புக் காற்று போதாதென்று வீடெல்லாம் பெட்ரோல் நாற்றம் வேறு. மெக்கானிக் சுப்பராயனைக் கேட்டால், "பழைய வண்டி சார், பெட்ரோல் ஜாஸ்தி குடுத்தாதான் இழுக்கும்" என்று கார்புரேட்டரில் ஒரு திருகை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிவிட்டுப் போவான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வாஹித் பாஷா வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள் துரைசாமி ஸ்குரு டிரைவரோடு பானெட்டைத் திறந்தார். காற்றோடு எவ்வளவு பெட்ரோல் சேர வேண்டும் என்பதை அந்தத் திருகுதான் முடிவு செய்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். இடப்பக்கம் திருப்பி வண்டி ஓடுகிறதென்றால், வலப்பக்கம் திருப்பினால் படுத்துவிட வேண்டியதுதானே? நன்றாக வலப்பக்கம் முறுக்கினார். பானெட்டை மூடும்போது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பாஷா வந்தார், உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார்.

இத்தனை காலம் காசநோயாளி போல இருமிய இன்ஜின் இன்று தும்மக்கூட இல்லை. ஒரே சீராக ஓடியது. பின்னால் புகையையே காணோம்.

"வாஹ்! இன்னா சத்தம் சார்! பெட்ரோல கரெக்டா கொறச்சு வெச்சிருக்காங்க. யாரு டியூன் பண்ணது?" என்றார் பாஷா.

டீயோடு வந்த அமிர்தவள்ளி கொடியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "இன்னாங்க இது, புகையே வர்ல?"

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி கைவிட்டுப் போய்விடும். துரைசாமி கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டார். "பாய், எனக்கு விக்க மனசில்ல. நீங்க வேணாம்னு போவணும்னு நான்தான் கெடுக்கப் பாத்தேன். எனக்கு வண்டிய பத்தி ஒண்ணும் தெரியாது."

"விக்க மனசில்லன்னா எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்றாள் அமிர்தவள்ளி. "எனக்குப் புகைதான் ஆவாது. வண்டி இன்னா பண்ணுச்சு?"

துரைசாமிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வாழ்நாளில் இத்தனை லேசாக அவர் மூச்சு விட்டதில்லை.

பாஷா வண்டியை விட்டு இறங்கவில்லை, சிரித்தார். "தொழில் தெரிஞ்சவங்க இப்டிதான் சார், தெரியாதும்பாங்க. வண்டி உங்களாண்டயே இருக்கட்டும். எங்க வூட்ல அத்தாவோட அம்பாசிடர் ஒண்ணு நிக்குது, இதே புகை. வந்து பாருங்க."

"பாய், சத்தியமா நான் கெடுக்கத்தான்..."

"அவரு எப்பவும் அப்டிதான் பாய், ஒத்துக்கவே மாட்டாரு. நீங்க இட்னு போங்க" என்று அமிர்தவள்ளி பெருமையோடு ஸ்குரு டிரைவரை எடுத்துப் புருஷன் கையில் திணித்தாள்.

பாஷா பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க சார். அதையும் கொஞ்சம் கெடுத்துக் குடுங்க."