எந்த டிஸ்கிலிருந்து

...ஓடுகிறதே, அப்புறம் என்ன என்கிறார் மேனேஜர், ஓடுகிறதுதான், ஆனால் எதிலிருந்து ஓடுகிறது, இந்த ஆஸ்பத்திரி லேப் கம்ப்யூட்டரில் பழைய டிஸ்கும் இருக்கிறது, அதை அச்சு அசலாக நகலெடுத்த புதிய டிஸ்கும் இருக்கிறது, நகலோடு அடையாள எண்ணும் சேர்ந்து வந்துவிட்டது, கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற பூட்லோடருக்குத் தெரிந்தது அந்த எண் ஒன்றுதான், இரண்டும் அதையே காட்டினால் முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொள்ளும், இன்று பழையது, நாளை புதியது, யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது... பழசைக் கழற்றவும் விடமாட்டார், பாதுகாப்புக்கு இருக்கட்டுமாம். "விட்டுடும்மா, நாளைக்கு லேப் திறக்கணும்." "திறங்க சார். சரியா இருக்குன்னு நான் சொல்லமாட்டேன்." முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே போனார், போகட்டும்.

போன் அடிக்கிறது, அம்மாதான், அக்கா இறந்ததிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறாள், ஒரே பேச்சு, நீயும் இங்கேயே வந்துவிடு, அத்தானுக்கும் குழந்தைக்கும் ஆள் வேண்டும், உனக்கும் அவள் சாயல்தானே... சாயல் இருந்தால் போதுமா, அவள் படுத்த பக்கத்தில் நான் படுக்கவா, நினைத்தாலே உடம்பு கூசுகிறது, அத்தான் நல்ல மனிதர்தான், அதற்காக? எடுத்தேன். "முடியாதும்மா." "அவளுக்காகக்கூடவா?" "அவளுக்காகத்தான் சொல்றேன். அவ இடத்துல என்னைக் கொண்டுபோய் வைக்காதீங்க." அழத் தொடங்கினாள், நான் போனை வைக்கவில்லை, கழுத்தில் இடுக்கிக்கொண்டே புதிய டிஸ்குக்கு வேறு எண் கொடுத்தேன், மறுபடி எழுப்பினால் பழசே எழுந்து நிற்கிறது, தெரிந்ததுதான், எண்ணை மாற்றி என்ன, பூட்லோடரின் அமைப்புக் கோப்பு இன்னும் பழைய எண்ணைத்தானே தேடுகிறது, திறந்தேன், அழித்தேன், புதிய எண்ணை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினேன், இம்முறை புதியதிலிருந்தே எழுந்தது, நிறுத்தி மறுபடி எழுப்பினேன், அதேதான். மேனேஜர் கதவருகே வந்து நின்றார். "ஆயிடுச்சா?" "ஆயிடுச்சு சார். இப்ப எதுல ஓடுதுன்னு எனக்குத் தெரியும்."

போனில் அழுகை நின்றிருந்தது, மூச்சுச் சத்தம் மட்டும், சின்ன மூச்சு, அம்மாவினுடையது இல்லை, அக்கா மகள். "சித்தி, நீ இங்க வரமாட்டியாமே?" "தங்க வரமாட்டேன்டா. உன்னைப் பார்க்க வருவேன்." "அப்ப அம்மா அலமாரியை யாரும் காலி பண்ணமாட்டாங்கல்ல?" பண்ணமாட்டார்கள் என்றேன், யாரைக் கேட்டுச் சொன்னேன், தெரியவில்லை... இத்தனை நாளும் தனியாக மல்லுக்கு நிற்கிறேன் என்றல்லவா நினைத்தேன், இவளும் என் பக்கம்தான், இவளுக்கு என்ன வேண்டும் என்று அம்மா கேட்கவில்லை, அத்தான் கேட்கவில்லை, நான் மட்டும் எங்கே கேட்டேன்...