தண்ணி வந்தா அலசுவோம்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை; சங்ககிரி பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் கணக்குப் படித்துக்கொண்டு வந்தார்கள்.

"'மழை பெஞ்சா குடை எடுப்பேன்'ங்கறேன். மழையே பெய்யல. அப்பவும் நான் சொன்னது மெய்யாமாடி!"

"பின்ன, பொய்யின்னு எப்புடி நிரூபிப்பே?"

"அப்ப நம்மூர்ல ஒருத்தனும் பொய் சொன்னதே இல்லைன்னு சொல்லு."

அவர்கள் இறங்கிப் போனார்கள். கேள்வி மட்டும் இறங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 'குமாரபாளையத்தில் காவிரி நுரைத்துக்கொண்டு...' வேண்டாம். ஆறு உள்ளே வந்தால் கதையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது: 'பிரபாகர் ஒரு நூல் வெளுக்கும் பட்டறையில் சூப்பர்வைசர். அவன் கெட்ட...'

[அடித்துவிட்டேன். அவன் கெட்டவன் என்றால் எனக்கு எழுத வேலையே இல்லை. பொய் சொன்னால் நாக்குக் குழறுகிற ஆள் அவன்.]

3

பட்டறை வழக்கம் இது. நூல் முதலில் பிளீச்சிங் தொட்டியில் ஊறும். அடுத்து நல்ல தண்ணீரில் அலசல். கடைசியில் ஆசிட் தொட்டி. நடுவில் உள்ள அலசலைத் தாண்டினால், நூலில் தங்கிய பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும்.

[தனித்தனியே இரண்டும் பட்டறைக்குச் சோறு போடுபவை. சில உண்மைகளும் அப்படித்தான் என்று ஒரு வரி கையில் இருக்கிறது. இடம் வந்தால் போடுகிறேன்.]

செவ்வாய்க்கிழமை, தண்ணீர் ஏற்றும் போர்வெல் மோட்டாரின் காயில் எரிந்துபோனது. சரக்கை மாலையே லாரியில் ஏற்றியாக வேண்டும்.

"அப்படியே ஆசிட்ல போடு சின்னுசாமி. ஒரு தடவையில ஒண்ணும் ஆயிறாது" என்றான் பிரபாகர்.

சின்னுசாமி குனிந்து நூலை அமுக்கினான். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. குனிந்தவனைத்தான் முதலில் பிடிக்கும். இப்போது ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, பேச முடியாமல் கிடக்கிறான்.

4

வியாழக்கிழமை விசாரிக்க அதிகாரி வந்தார். மோட்டாரை அதற்குள் சரிசெய்துவிட்டார்கள். அவர் பார்க்கையில் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அலசாமப் போடுற பழக்கம் உண்டா இங்க?"

பொய்யில்லாத ஒரு வாக்கியத்தைப் பிரபாகர் முன்பே தேடி வைத்திருந்தான்.

"தண்ணி வந்தா, அலசிட்டுத்தானுங்க சார் ஆசிட்டுக்குப் போவும். என்னைக்கும் அப்படித்தானுங்க."

"அப்ப அந்த ஆளுதான் அவசரப்பட்டுப் போட்டிருக்கான்."

பிரபாகர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

[இங்கேதான் அந்த வரி. தண்ணி வந்தா அலசுவார்கள்: மெய். சின்னுசாமி அலசவில்லை: மெய். மெய்யோடு மெய் சேர்ந்தால் மெய்தான் என்கிறது கணக்குப் புத்தகம். தொட்டியில் கிளம்பியது வேறு.]

தப்பு சின்னுசாமியுடையது என்று முடிந்தால் பட்டறை அவனைக் கைகழுவிவிடும். நூல் காயப்போடும் வேலையில் இருக்கும் அவன் மனைவி சௌந்திரம் வாசலருகே பிரபாகரை மறித்தாள்.

"ஏனுங்ணா, நீங்க சொன்னதுல ஒரு சொல்லு பொய்யில்லீங்க. எங்கூட்டுக்காரரு மட்டுந்தான் பொய்யாப் போயிட்டாரு."

"அம்மிணி, நான் ஒண்ணும் அவன் மேல சொல்லலையே..."

"மோட்டாரு எரிஞ்சத நாஞ் சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னு தள்ளிருவாங்க. நீங்க சொன்னாத்தானுங்க ஏறும்."

5

முடிவு அ: பிரபாகர் ஓடிப்போய் ஒப்புக்கொள்கிறான். எழுதிப் பார்த்தேன். அவன் ஓடவில்லை; சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடி சொருகிக்கொண்டு நின்றான்.

முடிவு ஆ: சின்னுசாமிக்குப் பேச்சு வந்து... இது டாக்டர் கையில் இருக்கிறது, என் கையில் இல்லை.

முடிவு இ: அதிகாரி பைக்கில் ஏறிச் சாவியைச் செருகிவிட்டார். பிரபாகர் கும்பிடு போடுகிறான். சௌந்திரம் அவன் வாயையே பார்க்கிறாள். அதிகாரி கேட்காத கேள்வி ஒன்றே ஒன்று. அதைக் கேட்டால் அவன் நாக்குக் குழறும், அல்லது உண்மை வரும்.

நான் கேட்கக் கூடாது. கேட்டால், நான் எழுதிக்கொடுத்ததைத்தான் அவன் சொல்வான். வண்டி கிளம்புவதற்குள் நீங்கள் கேளுங்கள்:

அன்றைக்குத் தண்ணீர் வந்ததா?