லும்பியா உண்ணாவிரதம்

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ் பூங்கா பெஞ்சில் பிலிப்பினோக் கிழவர் செலஸ்தீனோ முதல் நாள் சொன்ன கதையில் அவரைத் துரத்திய ஜப்பான்காரர்கள் நாற்பது பேர். மறுநாள் நூறு பேர். மகன் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட நஞ்சுண்டன் குறுக்கே பேசவில்லை. பொள்ளாச்சி மின்வாரியத்தில் இருந்தபோது கம்பத்தின் உச்சியிலிருந்தே ஒரு சிறுத்தைக்குப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பியவர் அவர். அடுத்தவர் கதைக்கு மரியாதை கொடுக்கத் தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் செலஸ்தீனோ ஒரு சொல்லைக்கூடக் கூட்டியது கிடையாது. பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கையில் இருந்த காலம். இரண்டாம் உலகப் போருக்கு அமெரிக்க ஜனாதிபதி கூப்பிட்டார் என்று பத்தொன்பது வயதில் அமெரிக்கக் கொடியின் கீழ் போய்ச் சண்டை போட்டார். போர் முடிந்த மறுவருஷமே ஒரு சட்டம் போட்டு, அந்தச் சேவை கணக்கில் வராது, மற்றச் சிப்பாய்களுக்கு உள்ள சலுகை இவர்களுக்கு இல்லை என்றுவிட்டார்கள். நாற்பத்துச் சொச்ச வருஷம் கழித்துக் குடியுரிமை மட்டும் கொடுத்தார்கள். இப்போது 1998. சமமாக நடத்தச் சொல்லும் மசோதா வாஷிங்டனில் தூங்குகிறது. தொகுதி எம்.பி. ஆதரவுக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்கப் போகும்போதெல்லாம் ஒரு காலண்டரைக் கொடுத்து அனுப்பினார்கள்.

"வீட்ல இனிமே மாட்டச் சுவர் இல்ல, பாரே," என்றார் செலஸ்தீனோ. பாரே என்றால் அவர்கள் பேச்சில் கூட்டாளி. இருவரும் பேசியது ஆங்கிலம்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும். "நான் கண்ணை மூடறதுக்குள்ள, நீ சிப்பாய்னு இந்த நாடு ஒரு தடவை சொல்லிட்டாப் போதும்."

"உண்ணாவிரதம் இருந்திருக்கீங்களா?"

"சண்டையப்ப எங்க பத்தான் காட்டுல சாப்பாடே இல்லாம இருந்தேன். அதுக்குப் பேர் வைக்கலை."

"பேர் வெச்சாத்தானுங்க பயப்படுவாங்க."

நஞ்சுண்டன் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். பந்தல், மாலை, மைக் எல்லாம் அலங்காரம். கடைசியில் பழச்சாறு யார் கையால் கொடுப்பது என்பதுதான் போராட்டமே என்று விளக்கினார். எதிராளி வந்து கொடுக்க வேண்டும். அதுவரை எழுந்திருக்கக் கூடாது.

மருமகள் வான்மதி தமிழ் மன்றத்துப் பொங்கல் விழாக் கூடாரத்தைக் காரில் ஏற்றினாள். "மாமா, போலீஸ் அரெஸ்ட் பண்ணிட்டா உங்க க்ரீன் கார்டு என்ன ஆறது?"

"பட்டினி கிடக்கறவனை எதுக்கம்மணி புடிக்கறாங்க? சோறு போடோணுமே."

"ஃப்ரீவேல டிராஃபிக் ஆயிடும், சீக்கிரம் ஏறுங்க."

எம்.பி. அலுவலக வாசலில் செலஸ்தீனோவையும் சேர்த்து ஒன்பது கிழட்டுச் சிப்பாய்கள் பதக்கமும் தொப்பியுமாக உட்கார்ந்தார்கள். முதல் நாள் இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்தான். நஞ்சுண்டன் சங்க வழக்கப்படி ஐந்து இட்லியை முடித்துவிட்டு வந்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

காலை பதினொரு மணிக்குத்தான் திட்டத்தில் ஓட்டை தெரிந்தது. இரவு ட்யூட்டி முடித்த பிலிப்பினோ நர்ஸ் ஒருத்தி பெரிய தட்டு நிறைய லும்பியாவோடு வந்து நின்றாள். இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த பண்டம், விரல் நீளம். "தாத்தாங்க பட்டினின்னு ரேடியோல சொன்னாங்க," என்று கண் கலங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நூடுல்ஸோடு. அதற்கும் பின்னால் கார்கள்.

"வேண்டாம்னு சொல்லுங்க," என்றார் நஞ்சுண்டன்.

"எங்காளுங்க தட்டை நீட்டினா வேண்டாம்னு சொல்றதில்ல, பாரே. சொன்னா மூணு தலைமுறை பேச மாட்டாங்க."

நஞ்சுண்டன் தட்டைப் பார்த்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தானே, இதை எப்படி மறந்தோம்? வாங்கித் தின்றால் போராட்டம் காலி. வாங்காவிட்டால் சொந்தம் காலி. ஒரு நிமிஷம் தாடையைச் சொறிந்தார்.

"வாங்குங்க. போறவங்களுக்குக் குடுங்க. ஆனா திங்கறவன் உங்க சண்டைக் கதையைக் கடைசி வரைக்கும் கேட்டுட்டுத்தான் நகரோணும்."

அதன் பிறகு நடந்தது சாதாரணமானதுதான். வரிசை தெருமுனையைத் தாண்டி, கட்டடத்தைச் சுற்றி, தன் வாலையே சந்தித்து நலம் விசாரித்தது. கூட்டத்தை விலக்க வந்த போலீஸ்காரர் மூன்றாவது லும்பியாவில் வரிசையில் சேர்ந்தார். வாசனை மேலே போனதில் பித்தானை யாரும் அழுத்தாமலே லிஃப்ட் கீழே இறங்கிவிட்டது. அலுவலக ஊழியர்கள் எல்லோரும் தட்டும் கையுமாகத் தெருவில், செலஸ்தீனோ இருநூறு ஜப்பான்காரர்களிடமிருந்து தப்புவதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேலே டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. வேறு வழியின்றி எம்.பி.யே எடுத்தார். எதிர்முனையில், தெருவோரக் கூண்டுப் போனிலிருந்து நஞ்சுண்டன்.

"சார், கீழ ஒன்பது பேர் பட்டினி. எங்க வழக்கப்படி அரசாங்கத்து ஆள் கையால ஜூஸ் குடுத்தாத்தான் எழுந்திருப்பாங்க. டிவிக்காரங்க வந்தாச்சு. உங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு ரெண்டாந்தட்டு போயிட்டிருக்கு."

எம்.பி. ஆரஞ்சு ஜூஸோடும் புன்னகையோடும் இறங்கி வந்தார். செலஸ்தீனோ எழுந்து சல்யூட் அடித்தார், டம்ளரை வாங்கினார். கேமராக்கள் நெருங்கின. உதடு வரை கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏன், குடியுங்க."

"நாற்பத்தொண்ணுலயும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே ஒரு வாக்குக் குடுத்தாங்க, சார். முதல்ல கையெழுத்து."

எம்.பி. ஊழியர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் மென்றுகொண்டே அவரைப் பார்த்தார்கள். ஒருவரும் அவர் பக்கம் நகரவில்லை. காகிதம் கேட்டார், நர்ஸ் ஒரு காகிதத் தட்டை நீட்டினாள். எண்ணெய் படாத ஓரமாகப் பார்த்து, மசோதாவை ஆதரிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மைக்ல வாசிங்க," என்றார் நஞ்சுண்டன். "யாரை ஆதரிக்கறீங்கன்னும் சொல்லுங்க."

"அமெரிக்காவின் சிப்பாய்களை," என்றார் எம்.பி.

செலஸ்தீனோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஒரே மூச்சில் குடித்தார். மசோதா இன்னும் தூங்கத்தான் போகிறது என்று அவருக்குத் தெரியும். வாயைத் துடைத்துக்கொண்டு, "லும்பியா மீதி இருக்கா?" என்றார்.

தட்டுகள் எல்லாம் காலி. கடைசித் துண்டில் பாதி போலீஸ்காரர் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பதக்கத்தைப் பார்த்தார். விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டு நீட்டினார்.

செலஸ்தீனோ வேண்டாம் என்று சொல்லவில்லை.