யானை லைற்றின் கீழே கோழிக்குஞ்சுகள்

ரூபன் எதைச் செய்தாலும் பெரிதாகத்தான் செய்வான். உடையார்கட்டுக் கிராமத்தில் அவன் வயலுக்குப் போட்ட வேலிக்கட்டையில் யானை வந்து முதுகு சொறிந்துவிட்டுப் போகலாம், கட்டை அசையாது. அப்படிப்பட்டவனிடம் போய், குஞ்சுகளுக்குக் குளிராமல் ஒரு லைற் போட்டுத் தாருங்கோ என்று பிரேமிளா கேட்டது அவளுடைய பிழைதான்.

கடையில் பழைய மஞ்சள் குண்டு பல்ப் இல்லை. இப்போது எல்லாம் வெள்ளை எல்ஈடிதானே. ரூபன் இரண்டு தரம் யோசிக்கவில்லை. வயல் காவல் கொட்டிலில் யானை விரட்டக் கட்டியிருந்த பெரிய லைற்றைக் கழற்றிக்கொண்டு வந்தான். யானையையே காட்டுக்குத் திருப்பி அனுப்புகிற லைற்றுக்கு மாரிக்குளிர் எம்மாத்திரம் என்பது அவன் கணக்கு. சமைக்கிற குசினிக்குள் தகரத்தை வட்டமாக வளைத்து, உள்ளே உமி பரப்பி, அதில்தான் குஞ்சுகளை விட்டிருந்தார்கள். மெசினில் பொரித்த, தாய்க்கோழியைக் கண்டறியாத குஞ்சுகள். லைற் எரிந்ததும் அவை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தன.

"இனி ஒரு குஞ்சும் சாகாது," என்றான் ரூபன்.

அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. போன மாரியில் வளர்த்த குஞ்சுகள் குளிரில் செத்தபோதே பிரேமிளா சொல்லிவிட்டாள். இன்னொரு முறை வளர்த்துப் பார்ப்பாள், அதுவும் போனால் திரும்ப கார்மென்ட்ஸ் வேலைக்குத்தான். முன்பு அந்த வேலைக்குப் போன காலத்தில் விடியமுதல் கம்பனி வானில் ஏறுவாள், இரவு வேலை என்றால் விடிந்த பிறகு வந்து இறங்குவாள். மகள் கஜனி தாயின் நித்திரை முகத்தைத்தான் பார்த்தாள். அந்த நாள்கள் திரும்பவே கூடாது என்பது ரூபனின் பிடிவாதம். வான் ஓட்டுகிற வினோதன் வேறு, திங்கட்கிழமையிலிருந்து ஆள் தேவையாம், அக்கா வருவதென்றால் சொல்லட்டும் என்று கேட்டு வைத்திருந்தான்.

அடுத்த நாள் விடிய, குசினிக்குள் ஒரே கூச்சல். குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரு பக்கமாகக் குவிந்து நின்றன. அடியில் அகப்பட்ட இரண்டு நசிந்து செத்துக் கிடந்தன. குவியலுக்கு வெளியே நின்றவை ஒன்றின் வாலை ஒன்று கொத்தின. ரூபன் லைற்றை இன்னும் கீழே பதித்துக் கட்டினான். கூச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

"பக்கத்து வயல் நல்லதம்பி அண்ணையிட்ட இன்னொரு லைற் கிடக்கு. வாங்கிக்கொண்டு வரட்டே?"

பிரேமிளா பலகைக்கட்டையை இழுத்துப்போட்டுத் தகரத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். பக்கத்தில் தேத்தண்ணி ஆறிப்போனது. அவள் அப்படி இருந்து பார்த்தால் எதையாவது கண்டுபிடிக்காமல் எழும்பமாட்டாள் என்று ரூபனுக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றான், அது அவனுக்கு லேசான காரியமில்லை.

"இதுகளைப் பாருங்கோவன்," என்றாள் கடைசியில். "ராவேலை முடிஞ்சு வானில ஏறுற பெட்டையள் மாதிரியே நிக்குதுகள். கண் சொருகுது, ஆனா மூட ஏலாமக் கிடக்கு. அந்த நேரம் ஆரும் முட்டினா நாங்களும் கடிச்சு விழுவம். எங்களுக்கும் தலைக்கு மேல இதே வெள்ளை லைற்தான்."

"அப்ப குளிருக்கு என்ன செய்யிறது?"

"முதல்ல கையை வைச்சுப் பாருங்கோ."

லைற்றுக்குக் கீழே கையை நீட்டினான். சூடு ஒன்றும் தெரியவில்லை. மேலே, முதுகுப் பக்கத்தில் தொட்டான், சுட்டது. இருந்த கொஞ்சச் சூடும் முகட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரவு முழுவதும் கூரைக் கிடுகுதான் சுகமாகக் குளிர் காய்ந்திருக்கிறது.

"சூட்டையும் குடுக்கேல்லை, நித்திரையையும் பறிச்சுப்போட்டம்," என்று சொல்லிக்கொண்டே பிரேமிளா எழும்பினாள்.

மண்சட்டியில் சிரட்டைத் தணலைப் போட்டுச் சாம்பலால் மூடினாள். சட்டியைச் சுற்றிக் கம்பிவலை கட்டி உமிக்கு நடுவில் வைத்தாள். தகரத்துக்கு மேலே பாதிக்குச் சாக்குப் போட்டு, புகை போக மற்றப் பாதியைத் திறந்து விட்டாள். பிறகு உமியில் குப்புறப்படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். குஞ்சின் உயரத்தில் எவ்வளவு சுடுகிறது என்று அறிய வேண்டுமாம். அந்தக் கோலத்தைப் பார்த்து ரூபனுக்குச் சிரிப்பும் வந்தது, இவள் என்னுடைய மனிசி என்ற பெருமையும் வந்தது. குஞ்சுகள் முதலில் சட்டியோடு ஒட்டின, பிறகு சூடு தாங்காமல் தள்ளி ஓடின. அவள் இன்னும் ஒரு பிடி சாம்பல் போட்டாள். மெல்ல மெல்லச் சட்டியைச் சுற்றி வட்டமாக இருந்துகொண்டன. பொழுதுபட, தீன் தின்று முடியும் வரைக்கும் மூலையில் ஒரு சின்ன லைற் எரிந்தது, பிறகு அதையும் நூர்த்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ரூபன் வயலால் வந்தான். குசினிக்குள் ஒரு சத்தமும் இல்லை. சாக்கை விலக்கிப் பார்த்தவனுக்கு உயிரே போய்விட்டது. எல்லாக் குஞ்சுகளும் கழுத்தை நீட்டி, காலை எறிந்து, உமியோடு உமியாகக் கிடந்தன. பிரேமிளா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவள் காண முதல் புதைத்துவிட வேண்டும், திங்கட்கிழமையைப் பிறகு பார்க்கலாம் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடினான். வெட்டினான் பாருங்கள் ஒரு கிடங்கு, மாட்டையே புதைக்கலாம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து முதல் குஞ்சைத் தூக்கினான். அது ஒற்றைக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. அடுத்த கணம் அவன் விரலில் ஒரு கொத்துக் கொத்திக் கத்தியது. மற்றவை எல்லாம் எழும்பிக் கோபத்தோடு கூடக் கத்தின.

"ஐயோ, எழுப்பிப்போட்டீங்களே!" என்று ஈரக்கையோடு ஓடிவந்தாள் பிரேமிளா. "பிள்ளையள் நல்லா நித்திரை கொண்டால் இப்பிடித்தான் கிடக்கும். உங்களுக்கு என்ன கண்ணெல்லாம் சிவந்துகிடக்கு? அதென்ன மண்வெட்டி?"

அவன் கிடங்கைக் காட்டினான். அவள் சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். சிரித்து முடிய, "வினோதன் வந்தால் நான் வரேல்லையெண்டு சொல்லிவிடுங்கோ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வினோதன் வானைப் படலையடியில் கொண்டுவந்து நிறுத்தினான். இரவில் தணல் மாற்ற எழும்பி எழும்பி அலுத்த பிரேமிளா குசினி வாசலில் பாய் போட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கையில் தலையை வைத்துக் கஜனியும் தூங்கினாள். அக்கா என்று கூப்பிட வாயெடுத்த வினோதனை ரூபன் ஓடிப்போய் மறித்தான்.

"மெல்லக் கதையடா. அவ வரமாட்டா. நித்திரை."

"பகலிலயோ அண்ணை?"

"ஓம். எங்கட வீட்டில எல்லாரும் நித்திரை."

வினோதன் தலையாட்டிவிட்டுச் சாவியில் கையை வைத்தான். ரூபன் வான் யன்னலுக்குள்ளால் கையை விட்டு அதைப் பிடித்தான்.

"ஸ்டார்ட் பண்ணாதை. கியரை நியூற்றலில விடு," என்று சொல்லிவிட்டு வானுக்குப் பின்னால் போய், சேற்றில் காலை ஊன்றி, அதை மதகடி வரைக்கும் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.