நம்ம தப்புதானுங்க

பிணவறைக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் காகிதத்தை வைத்து, எஸ்.ஐ. பேனாவை நீட்டினார்.

“படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா.”

ஹரிதா படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். ‘எனது தகப்பனார் நஞ்சுண்டன் என்பவர் மொபெட்டில் எதிர்த்திசையில் அஜாக்கிரதையாக வந்து, சரக்கு வேன் மீது தானாகவே மோதி...’

“தானா மோதினாருன்னு நான் சொல்லவே இல்லீங்களே சார்.”

“உங்கப்பாவே சொல்லியிருக்காரேம்மா. கண்ணையா சார், அந்த வீடியோவக் காட்டுங்க.”

கண்ணையா வேனின் முதலாளி. காலையில் அப்பா இறந்ததிலிருந்து இங்கே எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பவர் அவர்தான். டிரைவர் ஸ்டேஷனில் இருந்தான்.

கண்ணையா செல்போனை நீட்டினார். நேற்று மத்தியானம், கருமத்தம்பட்டி சர்வீஸ் ரோடு. வேடிக்கை பார்த்த யாரோ எடுத்தது. தறிக்கு வாங்கி வந்த நூல் மூட்டை பிய்ந்து, வெள்ளைக் கோன்கள் தார் ரோட்டில் உருண்டு கிடக்க, நடுவில் அப்பா. குனிந்து பார்க்கும் டிரைவரிடம் அவர் உதடு அசைகிறது.

“பயந்துக்காதீங்க தம்பி... நம்ம தப்புதானுங்க.”

கண்ணையா அங்கே நிறுத்தினார். “எப்பேர்ப்பட்ட மனுசன் பாருங்க!”

ஹரிதாவுக்குத் தெரியும். பஸ்ஸில் எவனாவது அவர் காலை மிதித்தால், மிதித்தவனிடம் அப்பா அதைத்தான் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளுடைய மார்க்கை மாற்றிப் போட்டபோதும் கைகட்டி நின்று அதையே சொன்னார். “ஊட்டு மேல இடி உழுந்தாலும் நம்ம தப்புதானுங்கன்னு இடிகிட்டச் சொல்லுவீங்க!” என்று அம்மா கத்துவாள். அதற்கும் அவர், “தப்புதான் அம்மணி” என்பார்.

தாய்மாமன் அருள்குமார் அவளைத் தள்ளி அழைத்துப் போனார்.

“அந்த வீடியோவும் இந்தக் கையெழுத்தும் கோர்ட்டுக்குப் போச்சுன்னா, மொத்தத் தப்பும் மச்சான் தலையிலதான் கண்ணு. செத்தவரு எந்திரிச்சு வந்து மறுத்துப் பேசுவாரா? ராங் சைடுல வரவே இல்லைன்னு சொல்லிப்போடு. ஆரு பாத்தா?”

ஹரிதா பார்த்திருக்கிறாள். பாலம் வரை போய்ச் சுற்றி வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். ஊரே எதிர்த்திசையில்தான் வரும். பத்து வருஷமாக அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவளும் அப்படித்தான் வந்திருக்கிறாள்.

அவள் கண்ணையாவிடம் திரும்பி வந்தாள்.

“ஏனுங்க, அந்த வீடியோவ எனக்கும் அனுப்பறீங்களா? அப்பா குரலு கடைசியா அதுல மட்டும்தானுங்க இருக்குது.”

கண்ணையா ஒரு வினாடி தயங்கினார். மாட்டேன் என்று சொல்ல முடியாத கேள்வி.

“அதுக்கென்னங்க அம்மணி.”

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். அந்த ஒரு வரியோடு நிறுத்தி மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை நிறுத்தக் கை வரவில்லை.

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்பது வினாடிகள் இருந்தன.

கேமரா மேலே திரும்பியது. டிரைவரின் காதில் இயர்போன் ஒயர். அவன் ஒயரில் இருந்த மைக்கை வாய்க்கு இழுத்துக் கத்தினான்: “இல்லீங்க ஓனர், நீங்க பேசிட்டிருக்கறப்பவே ஒருத்தரு வந்து உழுந்துட்டாருங்க... லைன்லயே இருங்க!”

ஹரிதா நடந்து வந்தாள். காகிதத்தின் மேல் போனை வைத்தாள். சத்தத்தை முழுசாகக் கூட்டினாள்.

ஓடி முடிந்தது. கண்ணையாவின் கையில் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றிருந்தது. இந்த வீடியோவை அவர் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார்? ஒரு தடவைகூடக் கடைசி வரை பார்க்கவில்லை.

“ஓனர்னா நீங்கதானே?” என்றார் எஸ்.ஐ.

“வண்டி எங்க வருதுன்னு கேட்டேனுங்க... அவ்வளவுதானுங்க.”

மாமா துள்ளினார். “அப்பறம் என்னங்க சார்! எங்க பக்கம் தப்பே இல்லைன்னு எழுதுங்க!”

“இல்லீங்க மாமா.” ஹரிதா எஸ்.ஐ.யிடம் திரும்பினாள். “அப்பா ராங் சைடுலதான் வந்தாரு. அத எழுதிக்குங்க சார். டிரைவர் போன் பேசிட்டே வந்தாரு. ஆரு கூடன்னும் எழுதிக்குங்க. தானா மோதினாருங்கறத மட்டும் அடிச்சுப்போடுங்க.”

“கேஸ்ல உங்களுக்கு வர்ற நஷ்டஈடுதாம்மா கொறையும்.”

“கொறையட்டுங்க.”

எஸ்.ஐ. அவளைப் பார்த்தார். பிறகு புதுக் காகிதம் எடுத்தார். அவள் சொன்னபடியே எழுதினார். ஹரிதா இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கதவு திறந்தது. “நஞ்சுண்டன் ஆளுங்க ஆரு?”

வெள்ளைத் துணி சுற்றிய உடலோடு ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. முன் சக்கரம் அவள் கால்விரல்களின் மேல் ஏறி இறங்கியது.

“ஏம்மா, பாத்து நிக்கக் கூடாதா?” தள்ளி வந்தவர் எரிந்து விழுந்தார்.

“நம்ம த...”

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

“நின்ன எடத்துலதானுங்க நின்னேன்.”

அவர் ஏதோ முணுமுணுத்தார். அவள் குனிந்து விரலைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நீளமான நடைவழி. எதிரே காலி ஸ்ட்ரெச்சர் ஒன்று கடகடவென்று வந்தது. ஹரிதா அப்பாவை இடது ஓரமாக ஒதுக்கி, அது கடந்து போகும்வரை நின்று, பிறகு தள்ளினாள்.