மொட்டை மாடிச் சாவி

பஸ் ஓட்டும் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். வேலை முடிந்து வந்தவள், தன் வாசலில் யாரோ தவறுதலாக வைத்துவிட்டுப் போயிருந்த பார்சலைக் கொடுக்க எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். வேற்று நாட்டிலிருந்து வந்து சில மாதங்களாகக் குடியிருக்கும் குடும்பம். புருஷனுக்குக் கட்டட வேலை. பெண்டாட்டி பேக்கரியில் மாவு பிசைகிறவள்.

கதவு திறந்ததும் ஈர வாடை மூக்கில் ஏறியது. நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி, கட்டில் தலைமாடு, எங்கு பார்த்தாலும் துணி. நடுவில் கைக்குழந்தை இருமிக்கொண்டு கிடந்தது.

“ஏம்மா, வெளிய வெயில் கொளுத்துது. மாடில போட வேண்டியதுதானே?”

“மாடிக்குப் பூட்டு போட்டுட்டாங்க அக்கா. எங்களுக்கு மட்டும் சாவி குடுக்கல. கேட்டதுக்கு, அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டார் செயலாளர்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. பூட்டு வந்த அன்றே அவளுக்குச் சாவி வந்துவிட்டது. விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்க் குடியிருப்புச் சங்கச் செயலாளரைப் பிடித்தாள்.

“வெளியாளுங்கம்மா. யார் யாரெல்லாம் வந்து போவாங்களோ, நமக்கு எதுக்கு வம்பு?” என்றார் அவர்.

“என் தங்கச்சி பட்டாளத்தோட வந்து வாராவாரம் டேரா போடுறா. அது வம்பா தெரியலயா?”

“எதுவா இருந்தாலும் கூட்டத்துல பேசிக்கலாம்.”

“பேசிடுவோம்.”

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பேக்கரிக்காரியையும் கையோடு அழைத்துப் போனாள். பேச வாயெடுத்தபோது அந்தப் பெண் மெல்ல அவள் கையை அழுத்தினாள்.

“நானே சொல்றேன் அக்கா.”

எழுந்து நின்றாள்.

“எனக்குச் சலுகை எதுவும் வேண்டாம். படில யாரைப் பாத்தாலும் சிரிக்கிறேன். யாரும் பதிலுக்குச் சிரிக்கிறதில்ல. சிரிங்கன்னு நான் கட்டாயப்படுத்த முடியாது. சாவியைக் கேக்கலாம்ல?”

முதல் மாடித் தையல்காரர் தொண்டையைச் செருமினார். “நியாயந்தானே? குடுத்துடுங்க சார்.”

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. இரண்டு பேர் மட்டும் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சாவியை எடுத்து நீட்டினார்.

அக்காவுக்கு ஒரே ஒரு குறைதான். வரிந்து கட்டிக்கொண்டு தயார் செய்திருந்த பேச்சு வீணாய்ப் போயிற்று. வீட்டுக்கு வந்து அதை முழுக்கப் புருஷனிடம் பேசித் தீர்த்தாள். அவரும் பாவம், கை தட்டினார்.

மறுநாள் அக்காவும் பேக்கரிக்காரியும் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். செயலாளரின் மனைவி வாளியோடு வந்து தயங்கி நின்றாள்.

“இந்த ஓரத்துல இடம் இருக்கா?”

“வாங்க அக்கா, தாராளமா போடுங்க.” பேக்கரிக்காரி தன் துணிகளை நெருக்கித் தள்ளினாள்.

வாளியைக் கீழே வைத்தவள் கேட்டாள்: “ராத்திரில குழந்தை இருமுற சத்தம் கேக்குது. இப்ப எப்படிம்மா இருக்கு?”

பேக்கரிக்காரி சொல்ல ஆரம்பித்தாள். பஸ் அக்கா அதிசயமாக வாயை மூடிக்கொண்டு, ஈரப் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.