டேலியா பார்த்துக்கொண்டிருந்தவள்

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மலர்க் கண்காட்சிக்குப் போவதென்று முடிவானதுமே வரைபடத்தை விரித்து, எந்தக் கூடாரம் முதலில், எது அடுத்து என்று கோடு போட்டுவிட்டார். மனைவி அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பூ பார்த்தால் போதும்.

உள்ளே நுழைந்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ரோஜா, லில்லி, ஆர்க்கிட் என்று செல்போனில் படமெடுத்துத் தள்ளினார்.

"கொஞ்சம் நில்லுங்க, இதப் பாத்துட்டு வரேன்" என்றாள் அவள்.

"பாத்துகிட்டே வா" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

கள்ளிச் செடிகளைத் தாண்டித் திரும்பினால் ஆளைக் காணோம். அவளுடைய போனும் அவர் பையில்தான் இருந்தது. வந்த வழியெல்லாம் தேடினார். கூட்டம் நெரிந்தது. கடைசியில் விசாரணை மேஜைக்குப் போய் நின்றார்.

"என்ன கலர் புடவை, சார்?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

அவருக்கு நினைவுக்கு வரவில்லை. காலையில் எதிரே உட்கார்ந்து காபி குடித்தவள். பஸ்ஸில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவள்.

"போட்டோ இருந்தா காட்டுங்களேன்."

தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் பூ. ஒரு மஞ்சள் ரோஜாவின் ஓரத்தில் மட்டும் ஒரு முழங்கை, தெரிந்த வளையல், கொஞ்சம் பச்சை முந்தானை.

"பச்சை" என்றார், குரல் இறங்கி.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சற்று நேரத்தில் அவள் நிதானமாக நடந்து வந்தாள்.

"பச்சைப் புடவைன்னு மைக்குல சொன்னாங்க. அதெல்லாம் நீங்க கவனிப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை. படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் என் புடவை என்ன கலர்னு கேட்டிருக்காங்க உங்கள" என்றாள்.

"நீ எங்க இருந்த?"

"டேலியாப் பூகிட்ட. நீங்கதான் அதத் தாண்டி ஓடுனீங்களே."

"எனக்கும் காட்டேன்."

அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்த கருஞ்சிவப்புப் பூ ஒன்று. நடுவில் இதழ்கள் இன்னும் பிரியாமல் சுருண்டு கிடந்தன. "உள்ள பாருங்க, அங்க வேற சிவப்பு" என்று குனிந்து காட்டினாள். அவரும் குனிந்தார். பின்னால் வந்தவர்கள் நகரச் சொல்லும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.